சாதுவுக்கு ஒரு ஜோடி

மார்ச் 3

நான்கு நட்சத்திரப் படங்கள் அளந்தேன். ஐந்தாவதில் கண் பூத்துப்போனது. அளவீட்டு அறை மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது. சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே டைரக்டரின் கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் புதுக் கூரை வந்துவிட்டது. கார் வெயிலில் வாடிவிடக் கூடாது, பாவம்.

மார்ச் 10

வேறொரு நாட்டில், வயதான ராட்சத நட்சத்திரம் ஒன்றின் பக்கத்தில் ஒளிந்திருந்த குட்டி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். பேப்பரில் அரைப் பக்கம் வந்திருக்கிறது. டைரக்டர் அந்தப் பேப்பரைக் கையில் பிடித்தபடி என் அறைக்கே வந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் அவர் இந்த வாசலைத் தாண்டியது மூன்றாவது முறை.

"நம்மகிட்டயும் ஒண்ணு இருந்துதே! அந்தக் கிழவர் நட்சத்திரம் ஃபைல் எங்க?"

இருந்துதே! ஐந்து வருஷத்துக்கு முன்னால் பத்துப் பேரை வைத்துக்கொண்டு இதே வாய் என்ன சொன்னது? "அம்மா, வயசான நட்சத்திரம்னா இழுத்து இழுத்து மூச்சு விடும். உப்பும், சுருங்கும். அதைப் போய் ஒரு ஜோடி வந்து ஆட்டுதுன்னு சொல்றீங்களே. வீட்டுல சீரியல் ஜாஸ்தி பாப்பீங்களோ?" பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். தூசியை அவரையே தட்ட விட்டேன்.

மார்ச் 12

பத்திரிகைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். இங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும்.

"நாங்கள் கிழவர் என்று அழைக்கும் இந்தச் சிவப்பு நட்சத்திரம் வயதாகி ஊதிப் பெருத்துவிட்டது. பக்கத்தில் சின்ன நட்சத்திரம் ஒன்று இருந்தாலும் கிழவரின் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சின்னது சுற்றிவரும்போது பெரியதையும் கொஞ்சம் இழுக்கும். கிழவர் நம் பக்கம் சிறிது வருவார், பிறகு விலகுவார். அவருடைய ஒளியைப் பிரித்துப் படம் எடுத்தால் அதிலுள்ள கருங்கோடுகள் மயிரிழை நகர்ந்திருக்கும். அந்த மயிரிழையை அளப்பதுதான் எங்கள் வேலை. ஒரு சுற்றுக்கு மூன்று வருஷம் எட்டு மாதம். பதினோரு வருஷத்தில் மூன்று சுற்று பார்த்துவிட்டோம்.

"கருவியும் குளிருக்கும் வெயிலுக்கும் நகரும். அதனால் ஒவ்வொரு முறையும் அசையாத இன்னொரு நட்சத்திரத்தையும் படம் எடுப்போம். அது நகர்ந்ததுபோல் தெரிந்தால் அது கருவியின் குற்றம். அந்த அளவைக் கிழவரிடமிருந்து கழித்துவிடுவோம். கடையில் இருக்கும் எடைக்கல் மாதிரிதான் இதுவும்."

எடைக்கல் என்ற வரியை டைரக்டர் அடித்துவிட்டார். "மளிகைக் கடை மாதிரி இருக்கு."

அந்த எடைக்கல்லுக்கு நான் வைத்த பெயர் சாது. அதுவும் வயதான நட்சத்திரம்தான், ஆனால் கிழவர் மாதிரி மூச்சு வாங்காது. நானே தேடி எடுத்தது. முறைப்படி மூன்று ஒப்பு நட்சத்திரங்கள் வைக்க வேண்டும். அப்போது தொலைநோக்கியில் எங்களுக்கு ஒதுக்கிய நேரமோ கொசுறு. சாது கிழவருக்குப் பக்கத்திலேயே இருந்தது, பளிச்சென்றும் இருந்தது. ஒன்றே போதும் என்று அடித்துச் சொன்னவள் நான்தான். பதினோரு வருஷமாக ஒரு வம்புதும்பும் இல்லை. இந்த ஆபீசில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

மார்ச் 27

கட்டுரை தயாராகிவிட்டது. டைரக்டர் பெயர். அவருக்குக் கீழே இருப்பவர் பெயர். கிழவர் வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றுகூடத் தெரியாத இன்னொருவர் பெயர். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "அளவீட்டுப் பிரிவினருக்கு நன்றி."

பிரிவினராம்! பிரிவில் இருப்பது நான் ஒருத்தி, ஆடுகிற மின்விசிறி ஒன்று.

போய்க் கேட்டேன். பேனா மூடியை மேஜையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு டாக்டர் பட்டம் இல்லையேம்மா. நாலு பேரு எழுந்து கேள்வி கேட்டா மேடையில நின்னு பதில் சொல்லுவீங்களா?"

சொல்லுவேன்யா. நாற்பது பேர் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் அங்கே "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரியாம், சாராம்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வீட்டில் இவரிடம் கொட்டினேன். இவர் பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர், முன்னறையில்தான் பட்டறை. தலை நிமிராமல் பல்லைத் தேய்த்துக்கொண்டே, "நான் செஞ்ச பல்லுல மென்னுட்டு இருக்கிறவன் எவனுக்காவது என் பேர் தெரியுமா?" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஏப்ரல் 16

நிதானமாக எழுத வேண்டும்.

கட்டுரையில் போட ஒப்பீட்டுப் படம் ஒன்று வேண்டும் என்றார் டைரக்டர். ஜோடி இல்லாத வேறொரு சிவப்பு நட்சத்திரத்தை எடுத்து, அதன் வரைபடக் கோடு நேராகப் போவதையும் கிழவரின் கோடு அலை அலையாகப் போவதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டுமாம். நல்ல யோசனைதான். அதே இரவுகளில் எடுத்த இன்னொரு சிவப்பு நட்சத்திரத்தின் படங்கள் கிடந்தன. இரண்டையும் ஒரே எடைக்கல்லில் நிறுத்தால்தானே நியாயம் என்று அதையும் சாதுவை வைத்துத் திருத்தினேன்.

அதுவும் அலை அலையாக வந்தது.

மூன்று வருஷம் எட்டு மாதம். கிழவர் ஏறும்போது ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. வானத்தில் வேறு வேறு மூலையில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்கள், பேசி வைத்துக்கொண்டது மாதிரி ஒரே ஆட்டம். அப்படி எங்காவது நடக்குமா? அந்த இரண்டாவதை அதற்கென்று இருக்கிற ஒப்பு நட்சத்திரத்தை வைத்துத் திருத்தினால் கோடு நேராகப் போகிறது.

அப்படியென்றால் ஆடுவது கிழவர் இல்லை. சாது. சாது முன்னால் வந்ததைக் கருவியின் குற்றம் என்று நினைத்துக் கழித்திருக்கிறேன்; கிழவர் பின்னால் போனது மாதிரி தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷமா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அளந்தேனே, எதைடி அளந்தே?

கிழவருக்கு ஜோடி இல்லை. ஒண்டிக்கட்டை.

ஜோடி சாதுவுக்கு.

ஏப்ரல் 19

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்று மலைக்காரருக்குப் போன் செய்தேன். மலையில் தொலைநோக்கியை இயக்குபவர்; பதினோரு வருஷமாக எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறார். நேரில் பார்த்தது இரண்டே முறை. ஆனாலும் வீட்டில் இவருக்கு அடுத்து நான் அதிகம் பேசியிருப்பது அவரோடுதான். சாதுவைப் புதிதாக மூன்று ஒப்பு நட்சத்திரங்களோடு எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"சாதுவையா? அது சும்மா கிடக்குமேக்கா."

"சும்மா கிடக்கல தம்பி."

ஏப்ரல் 23

படங்கள் வந்தன. அளந்தேன். திரும்ப அளந்தேன். பழைய வருஷங்களுக்குக் கருவி எவ்வளவு நகர்ந்தது என்று தனியாகக் காட்டும் விளக்குப் பதிவுகளைத் தேடி எடுத்து வைத்தும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. சாதுவைச் சுற்றி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எவனும் பார்க்காதது. எவனும் பார்க்க நினைக்காதது.

மலைக்காரருக்குச் சொன்னேன். மனுஷன் கத்தியே விட்டார். "அப்ப எழுதுங்கக்கா! இது உங்க பேர்ல வரணும். வேற எவன் பேரும் வேண்டாம்."

எழுதலாம். ஆனால் எழுதினால் முதல் பத்தியிலேயே கிழவர் விஷயத்தில் நான் செய்த தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். செய்கிறேன். நாளைக்கே டைரக்டரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அறிவிப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது. கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடலாம். நேர்மையாக நடந்தால் எனக்கும் ஒரு வழி பிறக்கும்.

ஏப்ரல் 24

போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். வாசலில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளே கூப்பிட்டார். வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்தார்.

"வாங்கம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. மே இருபது ஹால் முடிவாயிடுச்சு. வர்றவங்களுக்கு டீ, பிஸ்கட், நாற்காலி எல்லாம் நீங்க பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் அந்தக் கை உண்டு. அப்புறம் கட்டுரையோட வெளியிட அந்த முழு அளவு அட்டவணையை நாளைக்குள்ள அனுப்பிடுங்க."

டீயும் பிஸ்கட்டும்.

எதற்கு வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது எழுதும்போதும் அதைத்தான் சொல்கிறேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"எத்தனை நாற்காலி சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 25

அட்டவணையை அனுப்பிவிட்டேன். வழக்கமாகத் திருத்திய அளவுகள் மட்டும்தான் போகும். இந்த முறை சாதுவின் திருத்தாத அளவுகளையும், கருவியின் விளக்குப் பதிவுகளையும், பதினோரு வருஷத்துக்கும் தனித்தனி வரிசையாகச் சேர்த்தேன். டைரக்டர் பிரித்துப் பார்க்கமாட்டார், அது எனக்குத் தெரியும். வெளியில் பார்க்கத் தெரிந்தவன் பார்க்கட்டும். சாதுவின் அளவுகள் நிற்கும் பதினெட்டாம் வரிசையை எடுத்துக் கோடு போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் குட்டு விளங்கிவிடும்.

நான் எதையும் மறைக்கவில்லையே? எல்லாம் அதில் இருக்கிறதே?

என் பெயரைத்தான் போடாமல் விட்டுவிட்டாரே. இனி விழுந்தால் உடையப்போவது அவர் மூக்கு மட்டும்தான்.

மே 2

இவர் கண்டுபிடித்துவிட்டார். பட்டறையில் ஒரு டாக்டரிடமிருந்து போன். யாருக்கோ பல் உடைந்துவிட்டதாம். பேசி முடித்து வந்தவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன, ஒரு வாரமா உனக்குள்ளயே சிரிச்சுக்கிறே?" சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"நேரா போய்ச் சொல்லிடு. சொல்லிட்டு உன்னோடத நீ எழுது."

"அவர் மேடையேறட்டும். இறங்க முடியாத உயரத்துக்குப் போகட்டும். அப்புறம் எழுதறேன்."

"பல்லு நல்லா இருக்கிற வரைக்கும் என் பேர் எவனுக்கும் தெரியாது. உடைஞ்சா அஞ்சே நிமிஷத்துல டாக்டர் என் பேர், நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் குடுத்துடுவாரு. பாத்துக்க."

நக்கல் பண்ணுகிறார்.

மே 20

அறிவிப்பு நடந்தது. நாற்காலிகள் நூற்றிருபது. டீ சூடாக இருந்ததாக மூன்று பேர் சொன்னார்கள்.

டைரக்டருக்கு ஆபீசில் வைத்த பெயரே மைக்; கையில் கிடைத்தால் திருப்பிக் கொடுக்கமாட்டார். இன்று முக்கால் மணி நேரம். "விடாமல் பதினோரு ஆண்டுகள் கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். பார்த்துக்கொண்டிருந்தேனாம்! கடைசி வரிசையில் காலி கப்புகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாதமாக இருந்தால் வயிறு எரிந்திருக்கும். இன்று குளுகுளுவென்று இருந்தது. கைதட்டும்போது எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன்.

மே 21

எல்லாப் பேப்பரிலும் அவர் படம். பக்கத்தில் கிழவர், ஜோடியோடு, யாரோ வரைந்தது.

ஜூன் 14

மலைக்காரர் போன். "எழுதிட்டீங்களாக்கா?" இன்னும் இல்லை என்றேன். "ஏன்க்கா?" அடுத்த மாதம் டைரக்டருக்கு ஏதோ பதக்கம் தருகிறார்களாம். அதையும் வாங்கிக்கொள்ளட்டும்.

"அக்கா, நம்ம ஊர் வானம் தனி இல்லியே. எல்லாருக்கும் மேல இருக்கிறதும் ஒரே சாதுதான்."

வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 9

பதக்கம் வாங்கிவிட்டார். கழுத்தில் மாட்டிக்கொண்டே ஆபீசுக்கு வந்தார், குழந்தை மாதிரி. ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஒரே நிமிஷம்தான்.

ஜூலை 28

என் கட்டுரைக்குத் தலைப்பு மட்டும் எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மீதியை டைரக்டர் விழுந்த பிறகு எழுதலாம். விழுவதை முதலில் கண் குளிரப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 19

விழுந்துவிட்டார்.

மார்ச்சில் பேப்பரில் வந்தார்களே, அந்த வெளிநாட்டுக் குழுதான். தங்களிடம் இருந்த பழைய படங்களில் கிழவரை மூன்று ஒப்பு நட்சத்திரங்கள் வைத்து அளந்திருக்கிறார்கள். ஆட்டம் இல்லை, ஜோடி இல்லை. டைரக்டரின் கதவு காலையிலிருந்து சாத்தியே இருந்தது. நான்கு மாதமாகக் காத்திருந்த நாள். பெட்டியில் இனிப்புகூட வாங்கி வைத்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது எழுத.

மதியம்தான் அவர்கள் கட்டுரையை முழுவதும் படித்தேன். கிழவரைப் பற்றி ஒரே பக்கம். மீதி ஒன்பது பக்கம் சாதுவைப் பற்றி.

"வெளியிடப்பட்ட அட்டவணையின் பதினெட்டாம் வரிசையிலிருந்து, இதுவரை அறியப்படாத துணை நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம்."

என் வரிசை. என் பதினோரு வருஷம். நான் கையால் அளந்த ஒவ்வொரு மயிரிழையும் அதில் இருக்கிறது, கோடு கோடாக. அவருக்கு வைத்த பொறியில் என் சாதுவைத்தான் இரையாக வைத்திருக்கிறேன். எவனோ வந்தான், இரையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அய்யோ, ஒரே ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தா போதுமேடி. ஒரு வாரம்.

ஆகஸ்ட் 20

லீவு போட்டேன். இனிப்பு எறும்பு மொய்த்துக் கிடந்தது. இவர் பெட்டியோடு எடுத்துக் குப்பையில் போட்டார்.

செப்டம்பர் 8

டைரக்டரின் திருத்த அறிவிப்பு வெளிவந்துவிட்டது. ஆறு வரி. "ஒரே ஒப்பு நட்சத்திரத்தைப் பயன்படுத்தியது அளவீட்டுப் பணியாளரின் முடிவு" என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் என் முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. ஒரு குறை இல்லாமல் போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷ வேலையில் என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் முறை.

பொய்யாக இருந்தால் சண்டைக்குப் போகலாம். ஒன்றே போதும் என்று நான்தானே சொன்னேன்.

வீட்டில் காட்டினேன். இவர் படித்தார். மே மாதம் சொன்னதை ஞாபகப்படுத்துவார் என்று பயந்தேன். கையில் இருந்த பல்லை வைத்துவிட்டு டீ போடப் போனார்.

செப்டம்பர் 30

அந்தக் குழுவின் தலைவியிடமிருந்து கடிதம். டைரக்டர் ஆபீசுக்கு வந்தது. அவர் மேலே "பதில் போடவும்" என்று மட்டும் கிறுக்கி என் மேஜைக்கு அனுப்பியிருந்தார். மரியாதையான கடிதம். இவ்வளவு சுத்தமான அளவுகளை நாங்கள் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார். பிறகு இது:

"இத்தனை கவனமாக அளந்தவர், ஒப்பு நட்சத்திரத்தின் அசைவைக் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று எங்களால் நம்ப முடியவில்லை. அந்த வரிசையைத் தனியாகச் சேர்த்ததே அப்படி எண்ண வைக்கிறது. நீங்கள் எங்களுக்கு முன்பே கவனித்திருந்தால் எந்தத் தேதியில் என்று தெரிவியுங்கள். முதலில் கண்டவர் என்று உங்கள் பெயரைச் சேர்ப்பதே முறை."

நாலு தடவை படித்தேன். மனுஷி. நல்ல மனுஷி.

தேதி இந்த நோட்டில் இருக்கிறது. ஏப்ரல் 16. அறிவிப்பு நடந்த மே 20க்கு முப்பத்து நான்கு நாள் முன்னால். தெரிந்துகொண்டே பொய்யை மேடையேற்றிவிட்டுப் பின்னால் நின்று கைதட்டினேன் என்று அந்தத் தேதி சொல்லும். கொஞ்சம் தள்ளி ஜூன் என்று போடலாமா? மலையின் பதிவேட்டில் ஏப்ரல் மாதம் சாதுவுக்கு எடுத்த படங்கள் "கேட்டவர்" என்ற கட்டத்தில் என் பெயரோடு நிற்கின்றன. அட்டவணை அனுப்பிய நாளும் ஏப்ரல் 25.

மலைக்காரருக்குப் போன் செய்தேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நான் எதுவும் சொல்லமாட்டேங்க்கா" என்றார். அப்புறம், "இன்னிக்கு சாதுவை எடுக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மதிய இடைவேளையில் பதில் எழுதினேன். அளவுகளைப் பாராட்டியதற்கு நன்றி. கேள்விக்கு: "கவனிக்கவில்லை."

தபால் பையில் போட்டுவிட்டு வந்து கிழவரின் அடுத்த படத்தை எடுத்து வைத்தேன். மின்விசிறியை யாரோ சரிசெய்துவிட்டார்கள்.